முரளி பெயரில் நையாண்டிப் பதிவு போடுவோருக்கு
கிரிக்கெட் பந்துவீச்சாளர் முத்தையா முரளிதரனை வைத்து நையாண்டிக் கணக்கு நடத்துகிறீர்களா? எக்ஸ் தளத்தில் 'பாரடி' (parody, அதாவது நையாண்டி) போன்ற சொல் கணக்குப் பெயரின் தொடக்கத்திலேயே இருக்கவேண்டும்; 2025 ஏப்ரல் முதல் இது விதி. புரொஃபைலில் அவருடைய போட்டோ வேண்டாம், கார்ட்டூன் வரைந்து போடுங்கள்.

பெரிய சிக்கல் ஸ்கிரீன்ஷாட்தான். இலங்கை மலையகத்து அட்டன், பண்டாரவளை வாட்ஸ்அப் குழுக்களுக்குப் போவதற்குள் யாராவது கணக்குப் பெயரை வெட்டிவிடுவார்கள். ஆகவே படத்தின் நடுவில், வரிகளுக்குப் பின்னால் 'நையாண்டி' என்று மங்கலாகப் பதியுங்கள். ஓரத்தில் போட்டால் அதுவும் வெட்டுப்படும்.

நடக்கவே முடியாததை எழுதுங்கள்: "தேயிலைக் கொழுந்தைத் தூஸ்ராவாகப் போட்டேன், முதுகுக் கூடையே ஏமாந்துவிட்டது." (தூஸ்ரா என்பது எதிர்ப்பக்கம் திரும்பி ஏமாற்றும் பந்து.) தோட்டச் சம்பளம், தேர்தல் இரண்டையும் தொடாதீர்கள். டெஸ்டில் 800 விக்கெட் எடுத்த மலையகத்துப் பிள்ளை சொன்னார் என்றால் சனம் அப்படியே நம்பிவிடும்.