சிறுகதையின் உறுப்புகள்: எதை முதலில் முடிவு செய்வது?

கரு, பாத்திரம், களம், முரண், பார்வைக்கோணம், உரையாடல், முடிவு. சிறுகதையின் உறுப்புகளாக எல்லோரும் சொல்வது இவைதான். புதிதாக எழுதுபவர்கள் பெரும்பாலும் கருவில் தொடங்கி அங்கேயே நின்றுவிடுகிறார்கள். ‘முதுமையின் தனிமை’ என்ற கருவை மட்டும் வைத்துக்கொண்டு ஒரு வரிகூட எழுத முடியாது. ஓர் ஆளும், அவருக்கு இன்றைக்கே வேண்டிய ஒன்றும் கிடைத்தால் எழுத ஆரம்பித்துவிடலாம்.

உதாரணத்துக்கு, செல்லம்மாளுக்கு எழுபது வயது. காலமெல்லாம் சித்தாள் வேலை பார்த்தவள். மாதத்தின் கடைசி நாளன்று ரேஷன் கடையில் விரலை வைக்கிறாள். சிமென்டில் தேய்ந்துபோன விரலின் ரேகையைக் கருவி ஏற்கவில்லை. பாத்திரமும், களமும், அவளுக்கு வேண்டியதைத் தடுக்கும் முரணும் இதற்குள்ளேயே வந்துவிட்டன.

இனி முரணை வளர்க்க வேண்டும். முந்தானையில் துடைத்துவிட்டு மறுபடி வைக்கிறாள். அடுத்த விரல், அடுத்த கை. எதுவும் பதியவில்லை. இதோடு நின்றால் அது செய்தி. “கார்டுல பேர் இருக்கிற வேற யாரையாவது கூட்டிட்டு வாங்க” என்கிறார் விற்பனையாளர். கார்டில் இருக்கும் இன்னொரு பெயர், ஆறு மாதமாக அவள் பேசாமலிருக்கும் மகன் முருகனுடையது. வெளியே இருந்த தடை உள்ளே இருக்கும் தடையைத் தொடும் இடம் இதுதான். உங்கள் கதையில் இந்த இடம் எது என்று சொல்ல முடியவில்லையென்றால் எழுதுவதைத் தள்ளிப்போடுங்கள்.

அதிகம் பேர் சறுக்குவது பார்வைக்கோணத்தில், அதாவது கதையை யாருடைய கண் வழியாகச் சொல்கிறோம் என்பதில். 1915இல் வெளிவந்த வ.வே.சு. ஐயரின் ‘குளத்தங்கரை அரசமரம்’ கதையை ஒரு மரம் சொல்கிறது. மரத்தால் நகர முடியாது, ஆகவே அதன் பார்வைக்கும் காதுக்கும் எட்டியதுதான் கதையின் எல்லை. கதைசொல்லியை முடிவு செய்யும்போதே எதையெல்லாம் சொல்ல முடியாது என்பதும் முடிவாகிவிடுகிறது. செல்லம்மாளின் கோணத்தில் எழுதிக்கொண்டே வந்து, “விற்பனையாளருக்கு மனதுக்குள் எரிச்சல் வந்தது” என்று எழுதினால் கோணம் உடைகிறது. அவருடைய மனம் அவளுக்குத் தெரியாது. “அவளைப் பார்க்காமலே அடுத்த ஆளைக் கையசைத்துக் கூப்பிட்டார்” என்று எழுதுங்கள். எரிச்சல் தானே தெரியும். முதல் வரைவு முடிந்ததும் ‘நினைத்தார்’, ‘உணர்ந்தார்’, ‘தோன்றியது’ ஆகிய சொற்களைத் தேடி, ஒவ்வொன்றும் யாருடைய மனம் என்று கேட்டுப் பாருங்கள். பாதி பிழைகள் அங்கேயே அகப்படும்.

உரையாடலில் வரும் பெரிய கோளாறு, இருவருக்கும் தெரிந்ததை வாசகருக்காகப் பேச வைப்பது. “நம்ம முருகன் கல்யாணத்துக்கப்புறம் தனிக்குடித்தனம் போயி ஆறு மாசமாச்சே” என்று எந்தப் பக்கத்து வீட்டுக்காரியும் பேசுவதில்லை. “முருகன வரச் சொல்லட்டா?” “வேணாம்.” இவ்வளவு போதும். பேச்சு எந்த ஊர் வழக்கு என்பதை முன்பே தீர்மானித்துக்கொள்ளுங்கள். ஒரே வாயில் மதுரையும் கோவையும் கலக்கக் கூடாது.

களத்துக்குப் பத்தி பத்தியாக வர்ணனை வேண்டாம். பாத்திரத்தின் கை படும் இரண்டு மூன்று பொருள்கள் போதும்: மடித்து வைத்த பை, தராசுத் தட்டு, கருவியின் சிவப்பு விளக்கு. 1500 சொற்களில் எழுதும் கதையென்றால் காலத்தை ஒரே நாளுக்குள், பேசும் பாத்திரங்களை மூன்றுக்குள் வையுங்கள். பாத்திரத்துக்கு என்ன வேண்டும் என்பது முதல் 150 சொற்களுக்குள் தெரிந்துவிட வேண்டும். தெரியாவிட்டால் முதல் இரண்டு பத்திகளை நீக்கிப் பாருங்கள். பெரும்பாலும் கதை மூன்றாவது பத்தியில்தான் தொடங்கியிருக்கும்.

முடிவு என்பது பாத்திரம் எடுக்கும் தீர்மானம். திடீரென ஓர் அதிகாரி வந்து அரிசி கொடுத்தால் கதை அவள் கையைவிட்டுப் போய்விடும். அவள் மகன் வீட்டுப் பக்கம் நடக்கலாம், வெறும் பையோடு தன் வீட்டுக்கே திரும்பலாம். இரண்டுமே சரி, அதற்கான காரணம் முன்பே கதைக்குள் விழுந்திருந்தால். அவள் நடக்கத் தொடங்கியதும் நிறுத்திவிடுங்கள். அதன் பிறகு நீங்கள் எழுதியிருக்கும் பத்தி அநேகமாக விளக்கவுரைதான். அதைக் கையால் மறைத்துக்கொண்டு ஒருமுறை படியுங்கள். கதை புரிகிறதென்றால் அடித்துவிடலாம்.