பழைய மௌனப் படச்சுருள் வாங்குகிறவர்கள் செய்யும் தவறுகள்

1914 பிப்ரவரியில் அமெரிக்காவின் கீஸ்டோன் பட நிறுவனம் வெளியிட்ட 'எ தீஃப் கேட்சர்' ஒரு திருடன் போலீஸ் காமெடி. நாயகன் ஃபோர்ட் ஸ்டெர்லிங். நடுவில் கொஞ்ச நேரம் போலீஸ்காரராக வந்து போகிறவர் சார்லி சாப்ளின்! கீஸ்டோன் படங்களில் வரும் கோமாளிப் போலீஸ் கூட்டத்தில் ஒருவராக நடித்திருப்பதாக அவரே சொல்லியிருந்தும், அவருடைய படப் பட்டியல்களில் இது இடம்பெறவில்லை. மிச்சிகனில் ஒரு பழம்பொருள் விற்பனையில் திரைப்பட வரலாற்று ஆய்வாளர் பால் கியெருக்கி வாங்கிய 16 மி.மீ. அகல ஃபிலிம் பிரதியை 2010இல் ஓட்டிப் பார்த்தபோதுதான் விஷயம் வெளியே வந்தது. அவரும் இது இன்னொரு கீஸ்டோன் படம்தானே என்று சில காலம் பார்க்காமலே வைத்திருந்தார்.

ஆகவே டப்பாவில் ஒட்டிய பெயரையும் பட்டியலையும் நம்பி ஒரு சுருளை ஒதுக்கிவிடாதீர்கள். இந்தக் குறும்படங்களை மறுவெளியீடு செய்தவர்கள் தலைப்பையும் வசன அட்டைகளையும் இஷ்டத்துக்கு மாற்றினார்கள். கூட்டத்தின் ஓரத்தில் நிற்கும் முகங்களைப் பாருங்கள். சேகரிப்பாளருக்கு உண்மையான விருந்து அங்கேதான் இருக்கிறது.

அடுத்தது, 1914 படம் என்றால் பிரதியும் 1914ஐச் சேர்ந்தது என்று நினைத்துப் பணம் கொட்டுவது. 16 மி.மீ. ஃபிலிமை கோடாக் கொண்டுவந்ததே 1923இல்தான். கோடாக் ஃபிலிமின் ஓரத்தில் வட்டம், சதுரம், முக்கோணம் என்று சிறு குறிகள் இருக்கும். ஃபிலிம் தயாரான ஆண்டை அவை சொல்லும். ஆனால் 20 ஆண்டுக்கு ஒருமுறை அதே குறிகள் திரும்ப வந்தன. போதாததற்கு, நெகட்டிவின் குறியும் பிரதியில் பதிந்துவிடலாம். குறியை மட்டும் வைத்து முடிவு கட்டாதீர்கள். அதற்காகப் பிற்காலப் பிரதியை மட்டமாகவும் எண்ண வேண்டாம். 'தீஃப் கேட்சர்' நமக்குக் கிடைத்ததே அப்படி ஒரு பிரதியால்தான்.

ஆர்வத்தில் உடனே புரொஜெக்டரில் மாட்டுவதுதான் எனக்கு மிகவும் கவலை தரும் தவறு. சுருங்கிய ஃபிலிமின் துளைகள் பற்சக்கரத்தில் கிழியும். முதலில் கையால் மெல்லச் சுற்றிப் பாருங்கள். வினிகர் வாடை அடித்தால் ஃபிலிமின் அடித்தளமான அசிடேட் பிளாஸ்டிக் சிதையத் தொடங்கிவிட்டது. அதை மற்ற சுருள்களிலிருந்து தள்ளி வையுங்கள். 35 மி.மீ. சுருள் என்றால் எளிதில் தீப்பற்றும் பழைய நைட்ரேட் ஃபிலிமாக இருக்கலாம். அது தீப்பிடித்தால் தண்ணீருக்குள்ளும் எரியும். வீட்டில் வைக்காமல், கொண்டுபோகும் முறையைக் கேட்டுக்கொண்டு ஆவணக் காப்பகத்திடம் கொடுப்பதே சரி.

அப்புறம், கிழிந்த ஃபிரேம்களை வெட்டி எறியாதீர்கள். வேறு பிரதியில் இல்லாத காட்சி அதில் இருக்கலாம்.