டைட்டில் கார்டை ஓட்டிவிடாதீர்கள்: அறிவியல் புனைவுத் தொடர்களின் உறவுமுறையைத் தேடுவது எப்படி?

ஓடிடியில் 'அறிமுகத்தைத் தவிர்' என்று ஒரு பொத்தான் வரும். இந்தத் தேடலில் இறங்குகிறவர்கள் முதலில் அதன் பக்கம் கை வைக்காமல் இருக்கப் பழக வேண்டும். இரண்டு அறிவியல் புனைவுத் தொடர்களுக்கு நடுவே இருக்கும் உறவு, முக்கால்வாசி நேரம் எழுதியவர் பெயரில்தான் கிடைக்கிறது. அந்தப் பெயரோ இரண்டு விநாடி வந்துவிட்டு மறைந்துவிடும்.

நான் தணிக்கை வேலை பார்ப்பவன். வவுச்சர் இல்லாத பதிவை ஏற்காத புத்தி, தொடர் பார்க்கும்போதும் கூடவே வந்து உட்கார்ந்துகொள்கிறது. அதனால் ஒரு நீள நோட்டில் மூன்று கட்டம் போட்டு வைத்திருக்கிறேன்: ஆள், பொருள், சாயல். இரண்டு தொடர்களிலும் வேலை பார்த்தவர்கள் முதல் கட்டத்தில். ஒன்றிலிருந்து இன்னொன்றுக்குப் போன பெயர், சின்னம், உடை, படப்பிடிப்பு இடம் இரண்டாவதில். பார்த்தால் ஒன்று போலத் தெரிவதெல்லாம் மூன்றாவதில். மூன்றாவதை நிரப்புவது மிக எளிது. அதனாலேயே அதற்கு மதிப்பும் குறைவு.

ஆள் கட்டத்தை எப்படி நிரப்புவது என்பதற்கு தொடர் எழுத்தாளர் ரொனால்ட் டி. மூரை எடுத்துக்கொள்வோம். விண்கப்பல் ஊழியர்கள் கிரகம் கிரகமாகச் சுற்றும் ஸ்டார் ட்ரெக் வரிசையில் ஒன்றான 'தி நெக்ஸ்ட் ஜெனரேஷன்' தொடரின் அரங்கைச் சுற்றிப் பார்க்கப் போன இடத்தில், தான் எழுதிய ஒரு கதையைக் கையில் கொடுத்துவிட்டு வந்தவர். அது 1989-இல் 'தி பாண்டிங்' என்ற எபிசோடாக வந்தது. ஸ்டார் ட்ரெக்கில் வாராவாரம் யாராவது ஒரு பெயர் தெரியாத ஊழியர் வேற்றுக்கிரகத்தில் செத்துப்போவார். அடுத்த காட்சியில் எல்லோரும் வேலையைப் பார்ப்பார்கள். மூர் அங்கே நிறுத்தி, செத்துப்போன பெண்ணுக்குக் கப்பலில் ஒரு மகன் இருந்தால் அவன் கதி என்ன என்று கேட்டார். எபிசோடு முழுக்க அந்தப் பையன்தான்.

அதே மனிதர் 2003-இல் பேட்டில்ஸ்டார் கேலக்டிகா என்ற பழைய தொடரைப் புதிதாக எடுத்தார். எதிரிகள் அழித்தது போக மிஞ்சிய மனிதர்கள் விண்கப்பல்களில் தப்பி ஓடும் கதை. அதில் அதிபர் ராஸ்லினின் அறையில் ஒரு வெள்ளைப் பலகை. மிச்சமிருக்கும் மனிதர்களின் எண்ணிக்கை அதில் எழுதியிருக்கும். சுமார் 50,000-இல் தொடங்கி, ஆள் சாகச் சாக அழித்து எழுதுவார்கள். '33' என்ற எபிசோடில் எதிரிகள் 33 நிமிடத்துக்கு ஒருமுறை வந்துகொண்டே இருக்கிறார்கள். யாரும் தூங்க முடியாது. கடைசியில் ஒரு குழந்தை பிறக்க, ராஸ்லின் பலகையில் ஒன்றைக் கூட்டுகிறார். 'தி பாண்டிங்' பார்த்தவர்களுக்கு அந்தப் பலகையை எழுதுகிற கை யாருடையது என்று தெரிந்துவிடும். செத்தவரைக் கணக்கில் வைக்காமல் கதையை நகர்த்த மாட்டேன் என்ற அதே பிடிவாதம்.

ஆளைப் பிடித்த பிறகு செய்ய வேண்டியது, நடுவில் அவருக்கு எது உறுத்தியது என்று தேடுவது. ஒரு தொடர் இன்னொன்றோடு போடும் சண்டைதான் என் கணக்கில் ஆகப் பெரிய உறவு. மூருக்கு அது ஸ்டார் ட்ரெக்: வாயேஜர் (1995-2001). கப்பல் வீட்டிலிருந்து 70,000 ஒளியாண்டு தள்ளித் தனியாக மாட்டிக்கொள்கிறது; துறைமுகம் கிடையாது, உதிரிபாகம் கிடையாது. 'தி கிளவுட்' என்ற ஆரம்ப எபிசோடில், கையிருப்பு 38 டார்பிடோ குண்டு, தீர்ந்தால் வேறு இல்லை என்று வசனமே வருகிறது. அப்புறம் ஏழு சீசனுக்கும் சுட்டுக்கொண்டே இருக்கிறார்கள்! கையிருப்புப் பதிவேட்டை இப்படி வைத்திருந்தால் நான் பக்கத்துக்குப் பக்கம் சிவப்பு மையில் எழுதியிருப்பேன். 1997-இல் வந்த 'இயர் ஆஃப் ஹெல்' கப்பலைச் சின்னாபின்னமாக்கிக் காட்டியது, உண்மைதான். ஆனால் முடிவில் காலமே திரும்பிப் போய் எல்லாம் புத்தம் புதிதாகிவிடுகிறது. மூர் 1999-இல் அந்தத் தொடரில் சேர்ந்து கொஞ்ச நாளிலேயே வெளியேறினார். இத்தனை கஷ்டப்பட்ட கப்பல் எப்படிப் பளபளவென்று இருக்கிறது என்ற குறையைப் பிறகு வெளிப்படையாகவே சொன்னார்.

அந்தக் குறையை மனதில் வைத்துக்கொண்டு கேலக்டிகாவைப் பாருங்கள். தண்ணீர் தீர்ந்தால் ஒரு எபிசோடு, எரிபொருள் தீர்ந்தால் ஒன்று, சாப்பாடு தீர்ந்தால் இன்னொன்று. கப்பலுக்கு விழுந்த அடி அடுத்த வாரமும் தெரியும். ஓடிக்கொண்டே இருக்கும் கப்பல் கூட்டம் என்ற கரு கிளென் லார்சனின் 1978 தொடரிலிருந்து வந்தது, அதை மூர் பக்கம் எழுதக் கூடாது. கணக்கு வைத்த விதம் மட்டும் அவருடையது.

பெயர்களை இப்படியே நூல் பிடித்துப் போனால் எதிர்பாராத இடங்களுக்கெல்லாம் வழி இருக்கும். கார்னெல் பல்கலைக்கழகத்தில் மூரின் நண்பர் நரேன் சங்கர். அங்கேயே இயற்பியல், மின்பொறியியல் துறையில் முனைவர் பட்டம் வாங்கியவர். அவரும் ஸ்டார் ட்ரெக்குக்குப் போய் அறிவியல் ஆலோசகராகவும் எழுத்தாளராகவும் இருந்தார். அந்தத் தொடரின் எழுத்தாளர்கள் வசனத்தில் அறிவியல் வார்த்தை வர வேண்டிய இடத்தில் 'டெக்' என்று மட்டும் போட்டுவிட்டுப் போவது பேர்போன சங்கதி. ஆலோசகர் பிறகு நிரப்ப வேண்டும். இப்படி நிரப்பும் வேலையில் இருந்தவர் பின்னாளில் 'தி எக்ஸ்பான்ஸ்' (2015-2022) தொடரை நடத்தினார். அதில் கப்பலுக்குச் செயற்கை ஈர்ப்பு கிடையாது. எஞ்சின் தள்ளினால்தான் கால் தரையில் நிற்கும். வேகத்தைக் குறைக்கக் கப்பலையே திருப்பி எதிர்ப்பக்கம் எரிக்க வேண்டும். காற்றும் தண்ணீரும்தான் அரசியல். இந்த இயற்பியல் ஜேம்ஸ் எஸ். ஏ. கோரி என்ற பெயரில் எழுதும் இருவரின் நாவல்களிலேயே இருப்பது. அதனால் நோட்டில் நாவல் பெயரை மேலே எழுதி, நரேன் சங்கரை அதற்குக் கீழே எழுதுங்கள்.

பொருள் கட்டம் ஜாலியானது, சீக்கிரம் நிரம்பும். 2003 கேலக்டிகாவின் தொடக்கப் பகுதியில் ஃபயர்ஃப்ளை தொடரின் கப்பல் வானத்தில் ஓரமாகப் பறந்து போகும். இரண்டுக்கும் கிராஃபிக்ஸ் செய்தது ஒரே ஸ்டூடியோ, ஸோயிக். வான்கூவரைச் சுற்றியே பல தொடர்களை எடுத்ததால், ஸ்டார்கேட் எஸ்ஜி-1 போகும் கிரகங்களில் பாதி கனடா காடாகத்தான் இருக்கும். இதில் பெரிதாக அர்த்தம் தேட வேண்டாம், செலவுக் கணக்குதான். ஆனால் பெயரைக் கவனியுங்கள். பாபிலோன் 5 என்ற விண்வெளித் தொடரில் மனதைப் படிக்கும் போலீஸ்காரன் பெயர் ஆல்ஃபிரட் பெஸ்டர். அது 1953-இல் அறிவியல் புனைவுக்கான முதல் ஹியூகோ விருது வாங்கிய நாவலாசிரியரின் பெயர். அந்த நாவலிலும் மனதைப் படிக்கிறவர்கள்தான் போலீஸ். அந்த வேடத்தில் நடித்தவர் வால்டர் கோனிக், பழைய ஸ்டார் ட்ரெக்கின் செகாவ். இது தெரிந்தே வைத்த அடையாளம்.

சாயல் கட்டத்தில்தான் கை நடுங்க வேண்டும். டாக்டர் ஹூ என்ற பிரிட்டிஷ் தொடரில் 1966-இல் வந்த சைபர்மென், ஸ்டார் ட்ரெக்கில் 1989-இல் வந்த போர்க். இரண்டுமே உடம்பை இயந்திரமாக்கிக்கொண்டு அடுத்தவரையும் அப்படியே மாற்றும் கூட்டம். உடனே காப்பி என்று எழுதத் தோன்றும். ஆனால் சைபர்மென் பிறந்தது கிட் பெட்லர் என்ற மருத்துவ விஞ்ஞானியின் கவலையில்: உறுப்பு உறுப்பாக மாற்றிக்கொண்டே போனால் மனிதன் எந்த இடத்தில் மனிதனாக இல்லாமல் போவான்? போர்க்கோ முதலில் பூச்சி இனமாக யோசிக்கப்பட்டு, செலவு கட்டுப்படியாகாமல் உருமாறியது. வந்த வழி வேறு, நின்ற இடம் ஒன்று. இதைச் சாயலிலேயே விட்டுவிடுங்கள்.

பாபிலோன் 5-உம் ஸ்டார் ட்ரெக் வரிசையின் டீப் ஸ்பேஸ் நைனும் இன்னும் சிக்கல். பாபிலோன் 5-ஐ உருவாக்கிய ஸ்ட்ராசின்ஸ்கி தன் திட்டத்தை 1989-இல் ஸ்டார் ட்ரெக்கை எடுக்கும் பாரமவுண்ட் நிறுவனத்திடம் காட்டினார்; அவர்களின் டீப் ஸ்பேஸ் நைன் 1993 ஜனவரியில் தொடங்கியது, இவருடைய முதல் படம் அடுத்த மாதம் வந்தது. இரண்டிலும் ஒரு விண்வெளி நிலையம். இரண்டிலும் தளபதி வேறொரு இனத்துக்கு ஆன்மிகத் தலைவராகிறார். காட்டியதற்கு ஆதாரம் உண்டு, எடுத்துக்கொண்டதற்கு இல்லை. நான் இதைப் பென்சிலில்தான் எழுதி வைத்திருக்கிறேன். என் மச்சான் பேனாவில் எழுதச் சொல்லி இன்னும் சண்டை போடுகிறார்.

முதன்முறை முயல்கிறவர்களுக்கு ஒரு வரிசை சொல்கிறேன்: 'தி பாண்டிங்', வாயேஜரின் முதல் எபிசோடான 'கேர்டேக்கர்', 'இயர் ஆஃப் ஹெல்', டீப் ஸ்பேஸ் நைனின் 'இன் தி பேல் மூன்லைட்', பிறகு கேலக்டிகாவின் தொடக்கப் பகுதி, '33'. நான்காவதில் மைக்கேல் டெய்லர் என்ற பெயர் வரும், குறித்துக்கொள்ளுங்கள். கேலக்டிகாவிலும் அவர் பெயர் வரும். ஒரே நாளில் எல்லாவற்றையும் பார்க்காதீர்கள், தலைப்பெயர்கள் குழம்பும்.