சேலத்துல இருந்துகிட்டே கடலுக்காக பேசறது எப்படி?

கடலக் காப்பாத்தணும்னு நம்ம ஊர் பசங்க கெளம்பினா நேரா ராமேஸ்வரம் பஸ்ஸைத் தேடறாங்க. இருங்க, மொதல்ல உங்க ஏரியா மீன் கடைக்கு போங்க. சேலத்துல கடல் இல்ல, ஆனா ஐஸ் பெட்டி வந்து எறங்கிட்டே தான இருக்கு, இங்க எது விலை போகுதோ அதுக்குத் தான் அங்க வலை போடுவாங்க.

ஞாயித்துக்கிழமை காலைல கேள்வி கேட்டா திட்டு தான் விழும், வார நாள்ல கூட்டம் இல்லாதப்ப போங்க. "அண்ணா இது எந்த ஊர் மீன், நாட்டுப்படகா விசைப்படகா"ன்னு கேளுங்க. மொதல்ல மழுப்புவார், விடாம கேட்டா அவரே சொல்ல ஆரம்பிச்சுடுவார். ஏப்ரல் 15ல இருந்து ஜூன் 14 வரைக்கும் 61 நாள் நம்ம கிழக்குக் கரைல விசைப்படகு போகக்கூடாது, நாட்டுப்படகு போகலாம், மேற்குக் கரைக்கு தடை ஜூன் 1ல தான் ஆரம்பிக்கும், அதனால மே மாசம் கடைல மீனைப் பாத்துட்டு சண்டைக்கு நிக்காதீங்க, எந்தக் கரைன்னு கேளுங்க போதும். அந்த மாசங்கள்ல மேட்டூர் டேம் கெண்டை வாங்கலாம் (முள்ளு ஜாஸ்தின்னு வீட்ல முணுமுணுப்பாங்க, கண்டுக்காதீங்க).

அப்புறம் சைஸ். அயிலைக்குப் பக்கத்துல உங்க போனை வெச்சுப் பாருங்க. கேரளாவுல அயிலை 14 சென்டிமீட்டர், மத்தி 10 சென்டிமீட்டர், அதுக்கு கீழ பிடிக்கக்கூடாதுன்னு சட்டமே இருக்கு. போன் நீளத்தை விட நல்லா சின்னதா இருக்கற அயிலை வெறும் குஞ்சு, "இது வேண்டாம்ணா, குஞ்சு"ன்னு கொஞ்சம் சத்தமாவே சொல்லுங்க, பக்கத்துல நிக்கிறவங்க காதுலயும் விழட்டும். நெத்திலி வேற கதை, அது வளந்தாலே அவ்ளோ தான். இழுவைமடில (கடல் தரையோட வழிச்சு இழுக்கற வலை) வர்ற பொடி மீன்ல நெறைய நம்ம தட்டுக்கே வராது, காயப்போட்டு கோழித் தீவனமா நாமக்கல் பக்கம் போகுது, அதனால மீனே தொடாதவங்க கூட முட்டை சாப்பிட்டா இதுல மாட்டிக்கறாங்க.

இது பழகினப்புறம் கரைக்கு போங்க. மன்னார் வளைகுடாவுல 21 தீவு 1986லயே கடல்சார் தேசியப் பூங்கா ஆயிடுச்சு, வனத்துறை அனுமதி இல்லாம பேனர் கட்ட எறங்கினா கேஸ் உங்க மேல தான். பாக் விரிகுடால 2022ல தஞ்சாவூர், புதுக்கோட்டை ஓரமா 448 சதுர கிலோமீட்டர் கடல் பசுவுக்குன்னு ஒதுக்கினாங்க, அது மேயற கடல்புல்லை இழுவைமடி வேரோட பேத்துடும்.

மீனவங்களுக்கு மட்டும் கிளாஸ் எடுக்காதீங்க ப்ளீஸ். சுருக்குமடிக்கு (மீன் கூட்டத்தையே வளைச்சு அடியில சுருக்கி அள்ளற பெரிய வலை) தமிழ்நாட்டுல 2000லயே தடை, 2023 ஜனவரில சுப்ரீம் கோர்ட் 12 கடல் மைலுக்கு அப்பால திங்கள், வியாழன் மட்டும் காலை 8ல இருந்து சாயங்காலம் 6 வரைக்கும்னு இடைக்கால அனுமதி குடுத்துச்சு. நாட்டுப்படகுக்காரங்க அது வேண்டாம்னு வருஷக்கணக்கா போராடறாங்க, வேணும்னு நிக்கிற ஊரும் இருக்கு, ரெண்டு பக்கமும் உக்காந்து கேளுங்க. ஊர்ப் பஞ்சாயத்துல சொல்லிட்டு தான் படகுல ஏறணும், லைஃப் ஜாக்கெட் வேணும், வாந்தி மாத்திரையும் கைல இருக்கட்டும், ஏற்காட்டுல 20 கொண்டை ஊசி வளைவும் அசால்ட்டா ஏறினவனுக்கே கடல்ல கொடல் பொரளும். கரைல காயற வலைய செருப்போட மிதிச்சீங்கன்னா அதுக்கப்புறம் நீங்க என்ன பேசினாலும் எடுபடாது. மீன்வளத் துறைக்கு மனு எழுதினா ஊர்க்காரங்க கையெழுத்து மொதல்ல, சேலத்து ஆளுங்க பேர் கடைசில போடுங்க.