கிணற்றுத் தண்ணீரை ஒதுக்கி வையுங்கள்: நாக ஒட்சைட்டு நானோத் துகளும் கண்ணாடிப் பூச்சும் செய்யும் முறை

உயர்தர வகுப்பு ஆய்வுகூடத்தில் இருக்கும் பொருட்களோடு ஒரு நல்ல காந்தக் கலக்கியும், 450 பாகை செல்சியசு வரை போகும் உலையும் இருந்தால் உருப்படியாகச் செய்து பார்க்கக்கூடிய நானோப் பொருள் நாக ஒட்சைட்டு, அதாவது துத்தநாக ஒட்சைட்டு (ZnO). அதன் பட்டை இடைவெளி, அதாவது உள்ளிருக்கும் இலத்திரன் மேல்நிலைக்குத் தாவ வேண்டிய சக்தி, ஏறத்தாழ 3.37 இலத்திரன் வோல்ற்று. அதனால் சுமார் 370 நானோமீற்றருக்குக் குறைந்த அலைநீளமுள்ள புறஊதாவை அது விழுங்கிவிடும்; கண்ணுக்குத் தெரியும் ஒளியை விட்டுவிடும். வெயில் தடுப்புக் களிம்பிலும், றப்பரை வல்கனைசுப் படுத்தும்போதும், வாயு உணரிகளிலும் அது இடம்பிடித்த காரணங்கள் பல. இங்கே நமக்கு வேண்டியது இரண்டு: வெள்ளைத் தூள், கண்ணாடி மேல் படரும் ஒளிபுகும் படலம்.

தைத்தானியம் ஈரொட்சைட்டை ஏன் எடுக்கவில்லை என்று கேட்கலாம். அதன் தாதுவான இல்மனைற்று புல்மோட்டைக் கடற்கரையிலேயே கிடக்கிறது. ஆனால் அந்த மணலிலிருந்து பூச்சுக்கரைசலுக்குப் போகும் பாதை மிக நீளம். கடையில் வாங்கும் தைத்தானியம் ஐசோபுரொப்பொட்சைட்டோ காற்றில் உள்ள ஈரத்தைக் கண்டதும் வெள்ளையாகத் திரைந்துவிடும். யாழ்ப்பாணத்து ஈரக்காற்றில் முதன்முதல் செய்பவருக்கு அது ஏற்றதல்ல. நாக அசற்றேற்று பொறுமையான உப்பு.

தண்ணீர்

செய்முறை பிழைத்துப்போனால் முதலில் சந்தேகப்பட வேண்டியது தண்ணீரைத்தான். குடாநாட்டின் நிலத்தடி நீர் சுண்ணக்கல்லுக்குள் ஊறிக் கிடப்பது. கல்சியமும் இருகாபனேற்றும் அதில் நிறைய உண்டு; கரையோரங்களிலும் தீவகத்திலும் குளோரைட்டும் சேரும். காரம் ஊற்றியவுடன் கல்சியம் காபனேற்று வீழ்படிவாகி நாக வீழ்படிவோடு கலந்துவிடும். நாகமும் தன் பங்குக்குக் கார நாக காபனேற்றாக மாறும். குளோரைட்டு இருந்தால் கார நாக குளோரைட்டும் உருவாகும். எல்லாமே வெள்ளை என்பதால் கண்ணால் பார்த்துப் பிரிக்க முடியாது. கொதிக்க வைத்து ஆறவிட்ட கிணற்றுத் தண்ணீரும் சரிவராது: கொதித்தால் இருகாபனேற்று குறையும், குளோரைட்டு அப்படியே நிற்கும்.

காய்ச்சி வடித்த நீரையோ அயன் நீக்கிய நீரையோ மட்டும் எடுங்கள். வாங்கிய நீரைச் சோதிக்க, ஒரு துளியைச் சுத்தமான கண்ணாடியில் விட்டு உலர்த்துங்கள். வெள்ளை வளையம் விழக்கூடாது. சில துளி வெள்ளி நைத்திரேற்றுக் கரைசல் விட்டால் கலங்கவும் கூடாது. பயன்படுத்துமுன் பத்து நிமிடம் கொதிக்க வைத்து, மூடி ஆறவிட்டால் கரைந்திருக்கும் காபனீரொட்சைட்டும் வெளியேறிவிடும். முகவையைக் கடைசியாக அலசுவதும் இந்த நீரில்தான். குழாய் நீரில் அலசி ஈரத்தோடு எடுத்த முகவை முழு வேலையையும் கெடுக்கப் போதும்.

தூள் செய்தல்

நாக அசற்றேற்று இருநீரேற்று 2.20 கிராம் நிறுத்து 100 மில்லிலீற்றர் நீரில் கரையுங்கள். இது 0.01 மூல். வேறொரு முகவையில் சோடியம் ஐதரொட்சைட்டு 0.90 கிராமை 45 மில்லிலீற்றர் நீரில் கரையுங்கள். பாதுகாப்புக் கண்ணாடியும் கையுறையும் இல்லாமல் இதைத் தொட வேண்டாம். ஐதரொட்சைட்டு வில்லைகளை நிறுக்கும்போது வேகம் வேண்டும். ஈரக்காற்றில் ஒரு சில நிமிடத்திலேயே அவை வியர்த்து, தராசு காட்டும் நிறையில் தண்ணீரும் சேர்ந்துவிடும். ஓரம் வெள்ளை மாப்பூத்த பழைய வில்லைகளில் காபனேற்று ஏறியிருக்கும். அவற்றை இந்த வேலைக்கு எடுக்காதீர்கள்.

நாகக் கரைசலை 60 முதல் 65 பாகைக்குச் சூடாக்கி, நன்றாகச் சுழலக் கலக்கியபடி காரக் கரைசலை அளவியிலிருந்து சொட்டுச் சொட்டாக விடுங்கள். முழுவதும் இறங்க இருபது நிமிடமாவது எடுக்கட்டும். முதலில் சோற்றுக் கஞ்சி போன்ற தடித்த வெள்ளை வரும். அது பெரும்பாலும் நாக ஐதரொட்சைட்டு. நமக்கு வேண்டிய பொருள் இன்னும் வரவில்லை. அதே வெப்பத்தில் இரண்டு மணி நேரம் கலக்கிக்கொண்டிருந்தால் நீரிழந்து ஒட்சைட்டாகும், கஞ்சித்தன்மை போய் நுண்ணிய தூளாக அடையத் தொடங்கும். குளிர்ந்த கரைசலில் செய்துவிட்டு உடனே வடிப்பவர்களுக்கு ஐதரொட்சைட்டுத்தான் கிடைக்கும்.

இறுதியில் பிஎச் 12 அளவில் நிற்கும். கணக்குக்கு வேண்டிய காரம் 0.80 கிராம், 0.10 கிராம் மேலதிகம் போட்டது ஒட்சைட்டாக மாறுவதை விரைவாக்க. இன்னும் கூடினால் நல்லது என்று இரட்டிப்பாக ஊற்றாதீர்கள். நாகம் ஈரியல்புள்ளது, அமிலத்தோடும் காரத்தோடும் தாக்கமுறும்; கடுங்காரத்தில் வீழ்படிவின் ஒரு பகுதி மீண்டும் கரைந்து, ஆறும்போது பெரிய பளிங்குகளில் போய் ஒட்டும். சின்னத் துகள் அழிந்து பெரிய துகள் வளரும்.

கழுவுவதில்தான் அதிகம் பேர் அவசரப்படுகிறார்கள். மையநீக்கி இருந்தால் நிமிடத்துக்கு 4000 சுற்றில் பத்து நிமிடம் சுழற்றி, மேல்நீரை ஊற்றிவிட்டு, புதிய நீர் விட்டு அடிவரை கலக்கி மீண்டும் சுழற்றுங்கள். மையநீக்கி இல்லாவிட்டால் உயரமான முகவையில் இராமுழுக்க அடையவிட்டு வடிக்கலாம். கழுவும் நீரின் பிஎச் 8 அளவுக்கு வந்தால் போதும். அதற்கு மேலும் கழுவினால் ஒரு விசித்திரம் நடக்கும்: அதுவரை ஒழுங்காக அடைந்த தூள் பால்போலக் கலங்கி அடைய மறுக்கும். நாக ஒட்சைட்டின் மேற்பரப்பு ஏற்றம் பிஎச் 9க்கும் 10க்கும் இடையில் பூச்சியமாகிறது. அங்கே துகள்கள் ஒன்றோடொன்று சேர்ந்து விரைவில் அடையும். பிஎச் அதைவிட்டு இறங்க இறங்க நேரேற்றம் பெற்று ஒன்றையொன்று தள்ளும். தூள் வீணாகிவிட்டதென்று அதை ஊற்றிவிடாமல், எதனோல் சேர்த்து மறுபடி சுழற்றுங்கள்.

கடைசி இரண்டு கழுவலும் எதனோலில் இருக்கட்டும். நீரின் பரப்பிழுவிசை அதிகம். நீரோடு உலர்ந்தால் துகள்கள் இறுகிக் கல்லாகும், எதனோலில் உலர்ந்தால் விரலால் தட்டினாலே உதிரும்.

80 பாகையில் இராமுழுக்க உலர்த்தி, பீங்கான் கிண்ணத்தில் இட்டு, நிமிடத்துக்கு 5 பாகை வீதம் ஏற்றி, 400 பாகையில் இரண்டு மணி நேரம் சுடுங்கள். உலையைச் சூட்டோடு திறந்து பார்த்தால் தூள் மஞ்சளாக இருக்கும். பயப்படத் தேவையில்லை, ஆறியதும் வெள்ளையாகிவிடும். நாக ஒட்சைட்டின் இயல்பே அது. ஆறிய பிறகும் சாம்பலாக நின்றால் அசற்றேற்று சரியாகக் கழுவப்படாமல் கரி தங்கியிருக்கிறது. 600 பாகைக்கு ஏற்றினால் இன்னும் சுத்தமாகும், ஆனால் துகள் பெருக்கும்.

கிடைத்தது சரியா என்று பார்த்தல்

முதலில் நிறுங்கள். கணக்குப்படி கிடைக்கக்கூடிய உச்சம் 0.81 கிராம், 0.70 வந்தால் நல்ல கை. 0.81ஐத் தாண்டினால் பெருமைப்பட ஒன்றுமில்லை, வேறு ஏதோ கலந்திருக்கிறது. பிறகு ஒரு சிட்டிகை தூளில் ஐதான ஐதரோகுளோரிக் அமிலம் விடுங்கள். சத்தமின்றித் தெளிவாகக் கரைய வேண்டும். குமிழி வந்தால் காபனேற்று. மறுபடி தண்ணீரிடமே போய்ப் பாருங்கள்.

இவையெல்லாம் தூய்மையைச் சொல்லும், அளவைச் சொல்லாது. துகளின் அளவைப் பற்றிப் பேச எக்ஸ் கதிர்க் கோணல் படம் வேண்டும். செப்புக் கதிரில் (0.15406 நானோமீற்றர்) 31.8, 34.4, 36.3 பாகைகளில் மூன்று உச்சிகள் நெருங்கி நிற்கும். 36.3 பாகை உச்சியின் அரையுயர அகலம், கருவியின் பங்கைக் கழித்தபின், 0.40 பாகை என்று வைப்போம். அதை ஆரையனுக்கு மாற்றினால் 0.00698. உச்சியின் அகலத்திலிருந்து பளிங்கின் அளவைத் தரும் ஷெரர் சமன்பாட்டில் 0.9 ஐ 0.15406 ஆல் பெருக்கி, 0.00698 ஐயும் 18.15 பாகையின் (36.3இன் அரைவாசி) கோசைனையும் பெருக்கிவரும் எண்ணால் பிரித்தால் ஏறத்தாழ 21 நானோமீற்றர். இது பளிங்குத் துணிக்கையின் அளவு. அவை கூடி ஒட்டிய திரள் அதைவிடப் பலமடங்கு பெரிதாக இருக்கலாம். இந்த அளவீடு இல்லாமல் போத்தலில் ‘நானோ’ என்று சீட்டு ஒட்டக்கூடாது.

கண்ணாடியில் பூசுதல்

தூளைக் கரைத்துப் பூசினால் ஒளிபுகும் படலம் வராது. சுண்ணாம்பு அடித்ததுபோலத்தான் இருக்கும். படலத்துக்கு வேறு கரைசல் வேண்டும். நாக அசற்றேற்று இருநீரேற்று 5.49 கிராமை ஐசோபுரொப்பனோலில் போடுங்கள். அது கரையாமல் வெண்மையாகத் தொங்கும். மொனோஎதனோலமைன் 1.5 மில்லிலீற்றர் சேர்த்து, 50 மில்லிலீற்றருக்கு நிரப்பி, 60 பாகையில் மூடிக் கலக்கினால் ஒரு மணி நேரத்துக்குள் தெளியும். நாகமும் அமைனும் மூலுக்கு மூல் சமன். அமைன் குறைந்தால் கலங்கல் நிற்கும். திறந்த சுவாலை அருகில் இருக்கக்கூடாது. ஒரு நாள் மூடிவைத்து, வடித்து எடுங்கள். நாட்பட அடியில் படிவு கண்டால் அந்தக் கரைசலை விட்டுவிடுங்கள்.

கண்ணாடியைச் சவர்க்காரத்தால் தேய்த்து, காய்ச்சி வடித்த நீரிலும் பிறகு ஐசோபுரொப்பனோலிலும் அலசுங்கள். சுத்தமான கண்ணாடியில் நீர் துளியாக நில்லாமல் ஒரே தாளாகப் படரும். விரல் பட்ட இடத்தில் படலம் உரியும் என்பதால் ஓரத்தை இடுக்கியால் பிடியுங்கள்.

கண்ணாடியைக் கரைசலில் அமிழ்த்தி மேலே இழுத்தெடுக்கும் வேகம் நிமிடத்துக்கு 3 சென்ரிமீற்றர். கையால் அது முடியாது. கை சற்று நடுங்கினாலும் படலத்தில் கிடைக்கோடு விழும். நிமிடத்துக்கு ஒரு சுற்றுச் சுழலும் சிறு பற்சக்கர மோட்டாரின் தண்டில் 1 சென்ரிமீற்றர் விட்டமுள்ள உருளையைப் பொருத்தி நூலைச் சுற்றினால் வேகம் 3.14 ஆக வரும், செலவும் சொற்பம். வேகம் கூடினால் படலம் தடிக்கும். ஒரே முறையில் தடிப்பாக எடுத்தால் சுடும்போது வெடிப்பு விழும் என்பதால், மெல்லிதாக ஐந்து தடவை எடுப்பதே சரி. ஒவ்வொரு தடவையும் 250 பாகையில் பத்து நிமிடம் உலர்த்துங்கள். ஐந்தும் முடிந்தபின் நிமிடத்துக்கு 3 பாகை வீதம் ஏற்றி 450 பாகையில் ஒரு மணி நேரம். சாதாரணச் சோடாக் கண்ணாடி இதற்கு மேல் அதிக தூரம் தாங்காது. உலை 80 பாகைக்குக் கீழே இறங்குமுன் கதவைத் திறந்தால் கண்ணாடி கீறும்.

ஐப்பசி, கார்த்திகை மழையில் பூசுபவர்களுக்குப் படலம் பால்நிறமாக வந்து நிற்கும். மதுசாரம் ஆவியாகும்போது மேற்பரப்பு குளிர்ந்து, காற்றின் ஈரம் அதில் ஒடுங்குவதே காரணம். சிலிக்கா ஜெல் பரப்பிய மூடிய பெட்டிக்குள் இழுத்தெடுத்து, முன்கூட்டியே சூடாக்கிய தட்டில் உடனே வையுங்கள். சோளகம் அடிக்கும் மாதங்களில் வேறு தொல்லை: மணல்தூசும் உப்புத் தூவலும் ஈரப்படலத்தில் ஒட்டி ஊசித்துளைகளாகும். அப்போதும் அதே பெட்டி உதவும்.

வேலை செய்கிறதா என்று பார்க்க, காசுத்தாள் சோதிக்கும் புறஊதா ரோச் போதும். பூசிய கண்ணாடியையும் பூசாததையும் வெள்ளைத் தாளின் மேல் வைத்து அடியுங்கள். பூசியதன் கீழே தாளின் நீல ஒளிர்வு குறைய வேண்டும். ரோச் 365 நானோமீற்றர் வகையா என்று பாருங்கள். மலிவான 395 வகை இந்தப் படலத்தைக் கடந்து போய்விடும்.

நீர் ஒட்டாமல் செய்ய

ஸ்ரியரிக் அமிலம் 0.28 கிராமை 100 மில்லிலீற்றர் எதனோலில் 40 பாகையில் கரைத்து, பூசிய கண்ணாடியை ஒரு மணி நேரம் ஊறவிட்டு, தூய எதனோலில் அலசி 60 பாகையில் உலர்த்துங்கள். இரவு முழுக்க ஊறவிட்டால் அமிலம் படலத்தையே அரித்து வெள்ளைப் பொடி பூக்கும். நீர்த்துளி இப்போது குண்டாக நிற்கும், ஆனால் உருண்டு ஓடாது. ஓடுவதற்கு மேற்பரப்பு கரடாக இருக்க வேண்டும். முன்பு சொன்னபடி இரண்டு தடவை செய்து சேர்த்த தூளில் 1 கிராமை ஸ்ரியரிக் அமிலம் 0.15 கிராமோடு 50 மில்லிலீற்றர் எதனோலில் கலக்கித் தெளித்தால் துளி ஓடும். அந்தப் பூச்சு விரலால் தேய்த்தாலே போய்விடும் என்பதையும் சொல்லத்தான் வேண்டும். வெயிலும் அதற்கு எதிரி: புறஊதா பட்டதும் நாக ஒட்சைட்டு ஒளியூக்கியாகி, தன் மேல் ஒட்டிய கொழுப்பமிலத்தைத் தானே சிதைக்கும். வெளியே நிற்கும் யன்னலுக்கு இதை நிரந்தரத் தீர்வாக யாரும் விற்றால் வாங்காதீர்கள்.

கண்ணாடியில் கிணற்றுநீர்க் கறை படிந்தால் தேசிக்காயோ வினாகிரியோ போட்டுத் தேய்ப்பது வீட்டு வழக்கம். பூசிய கண்ணாடிக்கு அது ஆகாது. கறையோடு படலமும் கரைந்துவிடும். காய்ச்சி வடித்த நீரும் மென்துணியும் மட்டும் போதும்.

உலர்ந்த தூளைக் காற்று வீசும் இடத்தில் கையாளாதீர்கள்; முகமூடி அணிந்து, கூடியவரை எதனோலில் நனைத்தே எடுங்கள். கழுவிய நீரையும் மீந்த கரைசலையும் வளவில் ஊற்றக்கூடாது. இங்கே மண் மெல்லிது, கீழே வெடிப்புள்ள சுண்ணக்கல், அடுத்தது கிணறு. நாகம் மீனுக்கும் நீர்ப்பூச்சிக்கும் நஞ்சு. நீர்க்கழிவுகளை ஒரு வாளியில் சேர்த்து, பிஎச் 9க்கும் 10க்கும் இடையில் கொண்டுவந்து இரண்டு நாள் வையுங்கள். நாகத்தின் பெரும்பகுதி ஐதரொட்சைட்டாக அடியில் இறங்கும். மேல்நீரை வடித்துச் சில துளி சோடியம் சல்பைட்டு விட்டு, வெள்ளைக் கலங்கல் இல்லையென்று கண்டபின் நடுநிலையாக்கி வெளியேற்றலாம். அமைன் கலந்த மதுசாரக் கழிவை இந்த வாளியில் சேர்க்காதீர்கள்; அமைன் நாகத்தைக் கரைசலிலேயே பிடித்து வைத்திருக்கும். அதைத் தனிப் போத்தலில் மூடி, வாளியின் அடியில் தங்கிய சேற்றை உலர்த்திச் சீட்டு ஒட்டி, இரண்டையும் இரசாயனக் கழிவு எடுப்பவரிடம் ஒப்படையுங்கள்.