‘முடிச்சுடலாம்’ என்பது பையருக்குத் தேதி: வெளிநாட்டு ஆர்டர் பார்க்கும் மெர்ச்சண்டைசர் மாற்றிக்கொள்ள வேண்டிய பழக்கங்கள்

துணி இன்னும் சாய்ப்பட்டறையில் கிடக்கிறது. 18ஆம் தேதி ஷிப்மென்ட் போகுமா என்று ஆர்டர் கொடுத்த ஜெர்மனி பையர் மெயிலில் கேட்கிறார். பையருக்கும் ஃபேக்டரிக்கும் நடுவே ஆர்டரைக் கவனிக்கும் திருப்பூர் மெர்ச்சண்டைசர் சாய்ப்பட்டறைக்கு போன் போட்டால், “பாத்துக்கலாம் தம்பி, முடிச்சுடலாம்” என்று பதில் வருகிறது. அந்த ‘முடிச்சுடலாம்’ அப்படியே ஆங்கிலமாகி பையருக்குப் போகிறது. ‘முயற்சி பண்றேன், வாக்குக் கொடுக்கல’ என்பதுதான் அதற்கு நம்ம ஊரில் அர்த்தம். பேசுபவருக்கும் தெரியும், கேட்பவருக்கும் தெரியும். பையருக்கு அது கையெழுத்துப் போட்ட தேதி. 18 பிறந்தும் துணி காம்பாக்டிங்கில் (சுருக்கத்தைச் சீராக்கும் வேலையில்) நிற்கும்போது, தாமதத்தைவிடப் பெரிய குற்றமாகப் பொய் சொன்னது வந்து நிற்கும்.

புதிதாக இந்த வேலைக்கு வருபவர்களிடம் ‘ஆட்டிட்யூடை மாத்துங்க, பாசிட்டிவா இருங்க’ என்று சொல்வது வழக்கம். திங்கட்கிழமை காலை சீட்டில் உட்கார்ந்ததும் எதை மாற்றுவது என்று மட்டும் யாரும் சொல்வதில்லை. பையர் உங்கள் மனசைப் பார்க்கப்போவதில்லை. அவர் பார்ப்பது மெயில், போன், சாம்பிள் பார்சல் மூன்றையும்தான். மாற்றத்தையும் அங்கிருந்தே தொடங்குங்கள்.

நல்லதே நடக்கும் என்று மனசில் படம் ஓட்டுவது இந்த வேலையில் ஆபத்து. இனிய முடிவை மட்டும் கற்பனை செய்பவர்களின் முயற்சி தளர்ந்துபோகிறது, குறுக்கே நிற்கும் தடையையும் சேர்த்து நினைப்பவர்கள் மேலாகச் செய்கிறார்கள் என்று உளவியலாளர் கேப்ரியேல் ஓட்டிங்கன் பல ஆய்வுகளில் காட்டியிருக்கிறார். ஆகவே டைம் அண்ட் ஆக்‌ஷன் ஷீட்டில் (எந்த வேலை எந்தத் தேதிக்குள் முடிய வேண்டும் என்ற அட்டவணையில்) ஒவ்வொரு தேதிக்குப் பக்கத்திலும் ஒரு கட்டம் கூடுதலாகப் போடுங்கள். தலைப்பு: ‘எது தடுக்கும்?’ நூல் வரவில்லை, லேப் டிப் (சாயம் போட்ட மாதிரித் துண்டு) அப்ரூவல் இழுக்கிறது, பிரிண்டிங்கில் கூட்டம், காஜா பட்டன் மெஷின் ரிப்பேர் என்று ஒரு வரி போதும். தடையை எழுதிவைத்தவர் புதன்கிழமையே நூல் மில்லுக்கு போன் போட்டுவிடுவார்.

கெட்ட செய்தியைச் சொல்லும் முறை

மாற்றிக்கொள்ள ஒரே ஒரு பழக்கம்தான் முடியும் என்றால் இதை எடுங்கள். தாமதம் வரும்போல் தெரிந்தால் பையருக்கு நான்கு விஷயங்கள் வேண்டும், இதே வரிசையில்: எத்தனை பீஸ் எத்தனை நாள் தள்ளுகிறது, காரணம் ஒரே வரியில், நாம் என்ன செய்துகொண்டிருக்கிறோம், அவர் எதை எப்போதைக்குள் முடிவு செய்ய வேண்டும்.

ஒரு கணக்கைப் பார்ப்போம். 12,000 பீஸ், மூன்று கலர், தலா 4,000. வெள்ளையும் கிரேயும் தயார். நேவி லாட்டில் (ஒரே தடவையில் சாயம் போட்ட துணியில்) ஷேட் ஒத்துவராமல் மறுபடி சாயம் போட வேண்டியிருக்கிறது. 9ஆம் தேதி வர வேண்டிய துணி 14 மாலைதான் வரும். 15 கட்டிங். ஒரு நாளைக்கு 800 பீஸ் தைக்கும் லைன் என்றால் 4,000க்கு 5 நாள், அதாவது 16 முதல் 20 வரை. செக்கிங், அயர்னிங், பேக்கிங் 21, 22. லாரி 23. இடையில் ஒரு ஞாயிறு வருவதால் 24. பையரிடம் 24 என்றே சொல்லுங்கள். 21 என்று சொல்லி 24இல் கொடுத்தால் இரண்டு முறை தவறியவர் ஆகிறோம். மெயில் இப்படி இருக்கட்டும்: ‘நேவி 4,000 பீஸ் 18க்குப் பதில் 24இல் தயாராகும். ஷேட் பொருந்தாததால் மறுசாயம். மற்ற 8,000 பீஸ் 18இல் தயார். இரண்டாகப் பிரித்து அனுப்பவா, மொத்தமாக 24இல் அனுப்பவா? வியாழன் உங்கள் நேரம் மாலை 3 மணிக்குள் சொன்னால் புக்கிங்கை மாற்ற முடியும்.’ அவ்வளவுதான். மழை, கரண்ட், டிரைவர் வராத கதை எதுவும் தேவையில்லை. மன்னிப்பு ஒரு முறை போதும். மூன்று முறை கேட்டால் இன்னும் எதையோ மறைக்கிறார்கள் என்று தோன்றும்.

எப்போது எழுதுவது? ஷீட்டில் 3 நாள் இடைவெளி வைத்திருந்தால், அதில் 2 நாள் கரைந்த அன்றே. மூன்றும் தீரும்வரை காத்திருந்தால் பையர் கையில் மாற்று வழி எதுவும் மிஞ்சாது. கப்பல் இடத்தையோ கடையில் விற்பனை தொடங்கும் தேதியையோ மாற்றிக்கொள்ள அவருக்கும் நாள் வேண்டும். நாள் இல்லையென்றால் ‘ஏரில் (விமானத்தில்) அனுப்பு, செலவு உன்னுடையது’ என்பதுதான் அவரிடம் மிச்சமிருக்கும் ஒரே பதில்.

சரியான தேதி கிடைக்காததற்குப் பாதிக் காரணம் நாம் கேட்கும் கேள்வி. சாய்ப்பட்டறைக்காரரிடம் “முடியுமாண்ணா?” என்றால் முடியும் என்றுதான் சொல்வார், இல்லை என்று சொல்வது மரியாதைக் குறைவு. “நம்ம நேவி இப்ப மெஷின்ல ஏறிடுச்சாண்ணா? அதுக்கு முன்னாடி எத்தனை லாட் நிக்குது? எப்ப இறங்கும்?” என்று கேளுங்கள். இதற்கு ஒப்புக்கு ஒரு பதில் சொல்லிவிட முடியாது. முடிந்தால் நேரில் போய்ப் பாருங்கள், ஒரு போட்டோவும் எடுத்துக்கொள்ளுங்கள்.

பெரும்பாலும் கடைசித் தடை முதலாளிதான். “இப்ப எதுக்குச் சொல்லிக்கிட்டு, பாத்துக்கலாம்” என்பார். அவரிடம் நேர்மை பற்றிப் பேசிப் பயனில்லை. எழுதி வைத்த மெயிலையும், அந்த 4,000 பீஸை ஏரில் அனுப்பினால் ஆகும் தொகையையும் ஒரே தாளில் காட்டுங்கள். அந்தத் தொகைக்கு அவர் காது கொடுப்பார்.

வெட்டிப் பேசும் மெயிலைப் படிப்பது

‘இதை ஏற்க முடியாது. சரிசெய்து மறுபடி அனுப்பவும்.’ ஃபிட் சாம்பிளுக்கு (அளவு பார்க்க அனுப்பும் மாதிரிச் சட்டைக்கு) ஜெர்மனியிலிருந்தோ நெதர்லாந்திலிருந்தோ இப்படி ஒரு மெயில் வந்தால் நமக்கு முகத்தில் அடித்த மாதிரி இருக்கும். எழுதியவருக்கோ அது சட்டையைப் பற்றிய ஒரு வாக்கியம். உங்கள் படிப்பைப் பற்றியோ வளர்ப்பைப் பற்றியோ அதில் ஒன்றுமில்லை. அந்தச் சூட்டோடு பதில் எழுதாதீர்கள். 20 நிமிடம் ஃபேக்டரிக்குள் ஒரு சுற்று வாருங்கள். பிறகு மெயிலில் உள்ள ஒவ்வொரு குறையையும் எக்செல்லில் தனி வரியாகப் போடுங்கள்: பையர் சொன்னது, நாம் அளந்தது, செய்யப்போவது. ‘ஹாஃப் செஸ்ட் (மார்புச் சுற்றளவில் பாதி) 52 செ.மீ. இருக்க வேண்டும், சாம்பிளில் 50.5, டாலரன்ஸ் (அனுமதிக்கும் வித்தியாசம்) 1 செ.மீ.’ என்று எழுதிய பிறகு அந்த வரியில் கோபப்பட ஒன்றும் இருக்காது. பதிலும் அதே வரிசையில், அதே எண்ணோடு போகட்டும்.

கலர் விஷயத்தில் மட்டும் ஒரு எச்சரிக்கை. ‘சிவப்பு அடிக்கிறது’ என்று பையர் சொன்னால், டேபிள் மேல் டியூப் லைட்டில் பார்த்துவிட்டு ‘இங்க சரியாத்தான் இருக்கு’ என்று எழுதாதீர்கள். ஒரு விளக்கில் ஒத்துப்போகும் இரண்டு துணி இன்னொரு விளக்கில் பிரிந்து தெரியும்; இதை மெட்டாமெரிசம் என்பார்கள். பகல் ஒளிக்கு டி65, ஐரோப்பியக் கடை வெளிச்சத்துக்கு டிஎல்84 என்று லைட் பாக்ஸில் (பல வகை விளக்கில் கலர் பார்க்கும் பெட்டியில்) இரண்டிலும் பாருங்கள். பையர் எந்த விளக்கில் பார்த்தார் என்றும் கேளுங்கள். பல நேரம் இரண்டு பேர் சொன்னதும் சரியாகவே இருக்கும்.

இங்கிலாந்துப் பையரிடம் சிக்கல் நேர்மாறானது. ‘இன்னும் கொஞ்சம் போகணும்’ என்ற மாதிரி மென்மையாக எழுதியிருப்பார். சாம்பிள் ரிஜெக்ட் ஆகியிருக்கும். ஜப்பானில் ‘கென்தோ ஷிமாஸு’ என்பார்கள், யோசிக்கிறோம் என்று பொருள். பெண் பார்த்துவிட்டுப் போன வீட்டார் “பாக்கலாங்க, சொல்லி அனுப்புறோம்” என்றால் நமக்கு என்ன புரியுமோ, பெரும்பாலும் அதேதான். நமக்கு இது புதிய பாடமே இல்லை. எந்த நாட்டுக்காரரானாலும் சந்தேகம் இருந்தால், ‘இதை ரிஜெக்ட் என்று எடுத்துக்கொண்டு புது சாம்பிள் போடட்டுமா?’ என்று ஒரே வரியில் கேட்டுவிடுங்கள். நாட்டை வைத்து ஆளை எடைபோட்டு ஏமாந்தவர்கள் நிறைய.

தேதி, வாரம், மணி

இவை சின்ன விஷயங்கள்தான், ஆனால் கன்டெய்னரையே தவறவிட வைக்கும். 03/04 என்றால் நமக்கு ஏப்ரல் 3, அமெரிக்கருக்கு மார்ச் 4. மாதத்தை எழுத்தில் எழுதுங்கள். லட்சம், கோடி வேண்டாம். 1,00,000 என்று கமா போட்டால் வெளிநாட்டவர் தடுமாறுவார். ஜெர்மன்காரர் 1.250 என்று எழுதினால் அது ஆயிரத்து இருநூற்றைம்பதாக இருக்கலாம். அங்கே புள்ளியும் கமாவும் இடம் மாறியிருக்கும்.

ஐரோப்பியர்கள் டெலிவரியை ‘வாரம் 38’ என்று வார எண்ணில் சொல்வார்கள். அங்கே வாரம் திங்களன்று தொடங்கும். ஜனவரி 4 எந்த வாரத்தில் வருகிறதோ அதுதான் முதல் வாரம். எக்செல்லில் ‘வீக்நம்’ போட்டுக் கணக்கிடாதீர்கள், ‘ஐஎஸ்ஓவீக்நம்’ போடுங்கள். 2027 ஜனவரி 1 வெள்ளிக்கிழமை. ஐரோப்பியக் கணக்கில் அந்த நாள் 2026இன் 53ஆம் வாரத்தைச் சேர்ந்தது. வீக்நம் அதை முதல் வாரம் என்று காட்டும். அந்த ஆண்டு முழுக்க ஒரு வாரம் தள்ளியே நிற்பீர்கள்.

ஜெர்மனி நமக்குக் கோடையில் மூன்றரை மணி நேரமும் குளிர்காலத்தில் நான்கரை மணி நேரமும் பின்னால் இருக்கிறது. மார்ச் கடைசி ஞாயிறும் அக்டோபர் கடைசி ஞாயிறும் இது மாறும். அமெரிக்காவில் மாறுவது மார்ச் இரண்டாம் ஞாயிறும் நவம்பர் முதல் ஞாயிறும். ‘இன்று மாலைக்குள்’ என்று எழுதாமல் யாருடைய மாலை என்று சேர்த்து எழுதுங்கள்.

வீடியோ காலில்

நாம் ‘சரி’ என்று தலையைப் பக்கவாட்டில் அசைப்பது பலருக்கு ‘இல்லை’ என்றோ ‘தெரியாது’ என்றோ படும். வாயால் ‘யெஸ்’ சொல்லுங்கள், எதற்கு யெஸ் என்றும் சொல்லுங்கள். ‘ஐ ஹேவ் எ டவுட்’ என்றால் உங்களை நம்பவில்லை என்று ஒலிக்கும். ‘கொஸ்டின்’ என்பதே போதும். ‘ப்ரீபோன்’ (தேதியை முன்னுக்குக் கொண்டுவருவது) இந்தியாவுக்கு வெளியே பலருக்குப் புரியாது. பேசி முடித்த ஒரு மணி நேரத்துக்குள், முடிவானவற்றை ஐந்து வரியில் மெயில் அனுப்புங்கள். ஆங்கிலம் தடுமாறுபவர்களுக்கு இந்த ஐந்து வரிதான் கேடயம். இலக்கணப் பிழை இருந்தால் பரவாயில்லை, எண்ணில் பிழை இருக்கக் கூடாது.

பெயர் விஷயமும் ஒன்று உண்டு. மு. செந்தில்குமாரின் பாஸ்போர்ட்டில் அப்பா பெயர் குடும்பப் பெயராக ஏறியிருந்தால், பையர் ‘மிஸ்டர் முருகேசன்’ என்றுதான் எழுதுவார். சங்கடப்பட்டுக்கொண்டு வருடக்கணக்கில் அப்பா பெயரில் வாழ வேண்டாம். மெயில் கையெழுத்தில் ‘செந்தில் என்று அழைக்கவும்’ என்று போட்டுவிடுங்கள். அவரையும் ‘சார்’ போட வேண்டியதில்லை. அவர் தன் மெயிலின் கீழே எப்படிப் பெயர் போடுகிறாரோ அப்படியே அழையுங்கள். ஜப்பானியர் என்றால் குடும்பப் பெயரோடு ‘சான்’ சேருங்கள்.

ஆடிட் என்றால் முகம் சுளிப்பது

‘எத்தனை பேப்பர்தான் கேப்பாங்க’ என்ற புலம்பல், பையர் தரப்பு ஃபேக்டரியைச் சோதிக்கும் ஆடிட் வரும்போது எல்லா ஆபீஸிலும் உண்டு. நம் கம்பெனி மேல் சந்தேகப்பட்டுக் கேட்கிறார்கள் என்று நினைப்பதால் வரும் கோபம் அது. 2013 ஏப்ரல் 24இல் வங்கதேசத்தில் கார்மெண்ட் ஃபேக்டரிகள் இருந்த ராணா பிளாசா கட்டடம் இடிந்து 1,100க்கும் மேற்பட்டோர் இறந்த பிறகு, கட்டடமும் வெளியேறும் வழியும் எப்படி இருக்கின்றன என்று கேட்காமல் இருக்க எந்தப் பெரிய பையராலும் முடியாது. ஜெர்மனியில், சரக்கு கொடுப்பவர்களிடம் மனித உரிமையும் சுற்றுச்சூழலும் எப்படி இருக்கின்றன என்று பெரிய கம்பெனிகளைக் கவனிக்கச் சொல்லும் சப்ளை செயின் சட்டம் 2023 ஜனவரி 1 முதல் நடைமுறைக்கு வந்தது. கழிவுநீர்க் கேள்வி திருப்பூருக்குப் புதிதல்ல. 2011 ஜனவரியில் கழிவுநீர்ப் பிரச்சினையில் சென்னை உயர் நீதிமன்ற உத்தரவால் சாய்ப்பட்டறைகள் மூடப்பட்டதை ஊரே பார்த்தது. பேப்பர் கேட்டு மெயில் வரும் அன்று தேட ஆரம்பித்தால் எரிச்சல்தான் வரும். சான்றிதழ், அதன் காலாவதித் தேதி, சாய்ப்பட்டறையின் அனுமதிக் கடிதம் மூன்றையும் ஒரே ஃபோல்டரில் வைத்து, மாதம் ஒரு முறை தேதியை மட்டும் பாருங்கள்.

எப்படிப் பழகுவது

மேலே சொன்ன எல்லாவற்றையும் ஒரே வாரத்தில் தொடங்குபவர் அடுத்த வாரம் எதையும் செய்யமாட்டார். ஒன்றை மட்டும் எடுங்கள். அதை ஏற்கெனவே தினமும் செய்யும் ஒரு வேலையோடு கட்டிவிடுங்கள்: ‘11 மணி டீ குடிச்சதும் சாய்ப்பட்டறைக்கு போன்’, ‘கால் முடிஞ்சதும் ஐந்து வரி மெயில்’. ‘இனிமே நல்லா கம்யூனிகேட் பண்ணணும்’ என்பது எந்த நேரத்தோடும் ஒட்டாததால் உதிர்ந்துவிடும். 21 நாளில் பழக்கம் வரும் என்பதையும் நம்ப வேண்டாம். லண்டன் யுனிவர்சிட்டி காலேஜில் ஃபிலிப்பா லாலி குழு 2010இல் வெளியிட்ட ஆய்வில் நடுமதிப்பு 66 நாள். 18 நாளில் பழகியவரும் உண்டு, 254 நாள் ஆகும் என்று கணக்கு வந்தவரும் உண்டு. ஒரு நாள் விட்டுப்போனால் பெரிய பாதிப்பு இல்லை என்பதும் அதே ஆய்வில் தெரிந்தது. ஷிப்மென்ட் நெருக்கடியில் ஒரு நாள் தவறினால் மறுநாள் டீயோடு தொடருங்கள்.

மாற்றக் கூடாததும் உண்டு. சாய்ப்பட்டறைக்காரரிடம் பையரைப் போல வெட்டிப் பேசினால் உங்கள் லாட் வரிசையில் பின்னுக்குப் போகும். அங்கே “அண்ணா, சாப்டீங்களா” இல்லாமல் வேலை நடக்காது. தீபாவளி, பொங்கல் லீவையும் கூச்சத்தோடு மறைக்காதீர்கள். ஊருக்குப் போகும் ஆட்கள் லீவு முடிந்த அன்றே முழுசாகத் திரும்புவதில்லை. வடமாநிலத் தொழிலாளர்கள் போனால் திரும்ப இன்னும் சில நாள் கூடும். ஐரோப்பியர் ஆகஸ்ட் விடுமுறையையும் கிறிஸ்துமஸையும் வெளிப்படையாகச் சொல்லித்தான் போகிறார்கள். பொங்கலுக்கு லைன் எத்தனை நாள் நிற்கும், முழு ஆள் எப்போது சேரும் என்ற மெயில், பையர் கிறிஸ்துமஸ் லீவில் போகும் முன்பே, டிசம்பர் முதல் வாரத்தில் போய்விட வேண்டும்.