திருகோணமலையில சபைக் கன்வென்ஷனுக்கு, அதான் கிறிஸ்தவ ஆராதனைக் கூட்டத்துக்கு, வாறீங்களா? இதைப் பாத்திட்டு வெளிக்கிடுங்கோ

கொழும்பில இருந்து வாறாக்கள் கோட்டையில இரவு ட்ரெயின் எடுத்தா விடிய வந்திறங்கலாம், மட்டக்களப்பு ஆக்களுக்கு ஏ15 ரோட்டால பஸ்தான் சுகம். எப்பிடி வந்தாலும் முதல் நாளே வந்து படுத்தெழும்புங்கோ, இல்லாட்டி ஆராதனை நேரம் கொட்டாவிதான் வரும்.

நவம்பர் டிசம்பர் எண்டா மழை, பந்தல் கூட்டத்துக்குக் குடை கட்டாயம். ஆகஸ்ட்ல வெயில் கொளுத்தும், தண்ணிப் போத்தலும் சின்னத் துவாயும் மறக்க வேணாம்.

இருக்கிற இடம் முக்கியம். நான் ஒருக்கா ஆசைப்பட்டு முன் வரிசையில ஸ்பீக்கர் பொக்ஸுக்குப் பக்கத்தில போய் இருந்திட்டன், பாட்டு ஒண்டும் விளங்கேல்ல ட்ரம்ஸ் மட்டும் நெஞ்சுக்குள்ள அடிச்சுது, ரெண்டு நாள் காது கொய்ங் எண்டது. நடுவில ஃபேன் காத்து வாற கதிரையாப் பாத்துப் பிடிங்கோ. பாட்டுத் தெரியாட்டி கை தட்டுங்கோ, கண்ணை மூடி நிண்டாலும் ஒருத்தரும் ஒண்டும் சொல்லாயினம்.

ஐக்கியம், அதான் மற்றச் சபை ஆக்களோட பழகிறது, எண்டா எனக்கு மத்தியானச் சாப்பாட்டு நேரம்தான். தெரிஞ்ச ஆக்களோடயே ஒட்டிக்கொண்டு இருக்காதீங்கோ, பார்சலை எடுத்துக்கொண்டு புதுசா ஆரும் இருக்கிற பக்கம் போங்கோ. போன முறை முன்ன பின்ன தெரியாத ஒரு ஆச்சி தன்ட சூடை மீன் பொரியலை எடுத்து என்ட சோத்தில வச்சிட்டுத்தான் "எந்தச் சபை பிள்ளை?" எண்டே கேட்டா, இப்பவும் போன்ல கதைக்கிறனாங்கள்.

பின்னேரம் ஆராதனைக் கூட்டம் இல்லாட்டி பக்கத்தில இருக்கிற கன்னியா வெந்நீர்க் கிணறு 7இலயும் வாளியால அள்ளி ஊத்திப் பாருங்கோ, ஒவ்வொண்டும் ஒவ்வொரு சூடு.